கடைசிக் கொட்டகைக் கோழிகள்

கீழ்பென்னாத்தூர்
21-6-1998

அன்புத் தங்கை எழிலுக்கு அக்கா ரேணுகாம்பாள் எழுதிக்கொள்வது.

நானும் உன் மாமாவும் சுகம். கோழிகளுக்குத்தான் சுகமில்லை. நீ அனுப்பிய புகைப்படம் வந்து சேர்ந்தது. வெள்ளை அங்கியில், ஆஸ்பத்திரியைப் பெருக்க வந்தவள் போல நிற்கிறாய். பரேலியில் முகம் பார்க்கும் கண்ணாடி விற்பதில்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் ஒரு தரகரிடம் சல்லிசாகக் கோழிகள் வாங்கிக் கடைசிக் கொட்டகையில் விட்டேன். இப்போது அங்கே இருமல். பொழுது சாய்ந்து உள்ளே போனால் தர்மாஸ்பத்திரி வராந்தா மாதிரி கொறகொறவென்று சத்தம். முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. இடுகிற முட்டையும் ஓடு சுருங்கி வேர்க்கடலைத் தோல் மாதிரி இருக்கிறது. உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது. மற்ற நான்கு கொட்டகைகளில் இன்னும் ஒன்றும் இல்லை.

கால்நடை டாக்டரை வரவழைத்தேன். மீசை முளைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அவர் கோழியைப் பார்த்ததைவிடத் தன் ஷூவில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்ததுதான் ஜாஸ்தி. தடுப்பு மருந்து போட்ட கோழிக்கு இது வரக்கூடாதே என்று என்னிடமே கேட்டார். பதில் எனக்குத் தெரிந்தால் அவருக்கு எதற்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறேன்? உன் மாமாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றுகிறார். வீட்டுக்கு வந்து பேப்பரை மடித்து மடித்து விரிக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. எட்டு வருடமாக நம் கொட்டகையில் எச்சம் வாரும் பாஞ்சாலைக்கு முதலாளியாகும் ஆசை வந்திருக்கிறது. ஏரிக்கரைப் பக்கம் தன் அண்ணன் நிலத்தில் கொட்டகை போட்டு, குஞ்சு இறக்கி, சொந்தப் பண்ணை வைக்கிறாளாம். ஆடி பிறந்தால் வேலைக்கு வரமாட்டாளாம். அதைச் சொல்ல வரும்போது தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

கோழிச்சளிக்கென்றே உனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தவை இந்தக் கோழிகள். அவற்றுக்கு என்ன மருந்து என்று உடனே எழுது.

அன்புடன்
அக்கா

•

பரேலி
3-7-1998

அன்புள்ள அக்காவுக்கு,

எழிலின் வணக்கம். இங்கே மழை தொடங்கிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி இருக்கிறது, பார்க்கத்தான் நேரமில்லை. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

நீ எழுதியதைப் பார்த்தால் இது நான் ஆராயும் மூச்சுக்குழல் நோயாகத்தான் இருக்கும். வைரஸால் வருவது. மருந்து கிடையாது. உன் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போட்டது உண்மை, ஆனால் அது பழைய வகைக்கானது. இந்த வைரஸின் மேல்தோலில் உள்ள ஒரு புரதத்தை வைத்துத்தான் கோழியின் உடம்பு அதை அடையாளம் காண்கிறது. வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்கும்போது தப்புகள் விழும். தப்புகள் சேரச் சேர அந்தப் புரதம் மாறிவிடும். தடுப்பு மருந்து காட்டிக்கொடுத்த முகம் ஒன்று, வாசலில் வந்து நிற்கிற முகம் வேறொன்று. எந்தப் பண்ணையில் எந்த முகம் திரிகிறது, எங்கிருந்து எங்கே போனது என்று பின்தொடர்வதுதான் என் வேலை.

இருமுகிற கோழிகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் துடைத்து மாதிரி எடுத்து, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வைத்துத் தரும்படி டாக்டரிடம் சொல். நானும் அவருக்கு எழுதியிருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் வேலூர்ப் பெண் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். காட்பாடியில் அவளிடம் கொடுத்தால் போதும்.

இதை மட்டும் கவனமாகக் கேள். இருமல் நின்றாலும் கோழியின் உடம்பில் வைரஸ் பல வாரங்கள் இருக்கும். அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு கோழி, ஒரு முட்டை அட்டை, ஒரு தீனிச் சாக்குகூட வெளியே போகக்கூடாது. விற்கவும் வேண்டாம், சும்மா கொடுக்கவும் வேண்டாம். குஞ்சுகளுக்குத் தொற்றினால் மிகவும் மோசம். பாஞ்சாலை அக்காவிடமும் இதைச் சொல். அவர் பண்ணை வைப்பது கேட்டு எனக்கு மிகவும் சந்தோஷம்.

பிரியமுள்ள
எழில்

•

கீழ்பென்னாத்தூர்
26-7-1998

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மாமா இரண்டு தடவை படித்துவிட்டு “அருமையா எழுதியிருக்கா” என்றார். அவருக்குப் புரியாததெல்லாம் அருமை. தப்புத் தப்பாக நகல் எடுத்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரம்படி கிடைக்கும். உன் வைரஸுக்கு அதற்குப் பேர் வளர்ச்சி.

மாதிரியை டாக்டர் எடுத்துக் கொடுத்தார். உன் வேலூர்க்காரி காட்பாடியில் வாங்கிக்கொண்டாள். நன்றாகப் பேசினாள், பிளாஸ்கைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டாள். பைத்தியம் பிடித்தவர்களாகப் பார்த்துத்தான் உங்கள் இடத்தில் வேலைக்கு எடுப்பார்கள் போலிருக்கிறது.

கடைசிக் கொட்டகையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்துவிட்டேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பாஞ்சாலை போய்விட்டாள். கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன். போகும்போது காலில் விழுந்து எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. நாளைக்கே குஞ்செல்லாம் செத்து, “அம்மா, பழைய வேலையக் குடுங்க”னு வாசலில் வந்து நிற்பாள், பார்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கும் ஒரு விடுதிக்கு நாம் முட்டை போடுவது உனக்குத் தெரியும். போன வாரம் நானே கொண்டுபோனேன். அங்கே தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரி, கோழிகளைக் கூண்டில் அடைப்பது பாவம் என்று எனக்கு உபதேசம் செய்தாள். அவள் தட்டில் இருந்தது ஆம்லெட். கூண்டுக்கோழி முட்டைதான், பாவத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்றேன். மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய பையன் சொல்லாமல் விட்டுவிட்டான். கோழை.

அக்கா

•

பரேலி
12-8-1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாதிரி கெடாமல் வந்தது. நான் நினைத்த நோய்தான். தடுப்பு மருந்தின் வகை இல்லை, புதிது. இதன் மரபணுவை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். அந்த வசதி இங்கே இல்லாததால் பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறேன். நாளாகும்.

கொட்டகையைக் காலி செய்ததாக எழுதினாய். கோழிகளை என்ன செய்தாய் என்று எழுதவில்லையே? புதைத்தாயா?

எழில்

•

கீழ்பென்னாத்தூர்
20-9-1998

அன்புத் தங்கைக்கு,

உடம்பு சுகம், மனசுதான் கொதிக்கிறது. நான்கு கொட்டகையிலும் இப்போது இருமல். அப்துல் பாய் திருவண்ணாமலையிலிருந்து வண்டியோடு வந்து, முட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்து, ஓடு சுருங்கியதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். இருபது வருடமாக நம்மிடம் முட்டை எடுக்கிறவர். ஒதுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கிருந்து வந்தது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். பாஞ்சாலையின் குஞ்சுகள் ஆடிக் கடைசியிலேயே சாக ஆரம்பித்தனவாம். ஐந்நூறு குஞ்சில் பாதிக்குமேல் போய்விட்டது. அவள் கொட்டகை ஏரிக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். காற்று அங்கிருந்துதான் வீசுகிறது. கை கழுவத் தெரியாதவள், செத்த குஞ்சை எங்கே எறிந்தாளோ, எந்தக் காக்கை தூக்கி வந்ததோ. எட்டு வருடம் என் கஞ்சியைக் குடித்துவிட்டு எனக்கே சளியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இதை விடப்போவதில்லை. உன் சின்ன டாக்டரைக் கூட்டிக்கொண்டு நேரே அவள் கொட்டகைக்குப் போனேன். அதைக் கொட்டகை என்று சொல்ல நாக்கு கூசுகிறது. நாலு சவுக்குக் கம்பு, மேலே பனையோலை. செத்த குஞ்சிலிருந்தும் பிழைத்ததிலிருந்தும் மாதிரி எடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். “எடுத்துக்கங்க சார். எழிலு பாத்துச் சொன்னா எனக்கும் நல்லதுதான்”னாள். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். முதலாளி அல்லவா.

நம் நான்கு கொட்டகை மாதிரியும் அவள் மாதிரியும் தனித்தனியாகப் பேர் எழுதி, டாக்டர் தன் ஆபீஸ் முத்திரை போட்டு அனுப்பியிருக்கிறார். அவளிடமிருந்துதான் எனக்கு வந்தது என்று உன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு காகிதம் வேண்டும். எங்கிருந்து எங்கே போனது என்று பின்தொடர்வதுதான் உன் வேலை என்று எழுதியிருந்தாயே. பின்தொடர்.

அக்கா

•

பரேலி
5-10-1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டாவது மாதிரிகளும் கிடைத்தன. அரசாங்க டாக்டர் முத்திரையோடு வந்ததால் முடிவு எதுவானாலும் அவருக்கும் போகும். அதுவரை தயவுசெய்து யாரையும் குற்றம் சொல்லாதே.

கடைசிக் கொட்டகைக் கோழிகளைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

எழில்

•

கீழ்பென்னாத்தூர்
8-11-1998

அன்புத் தங்கைக்கு,

தீபாவளிக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் உனக்கு அனுப்பிய புடவை உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். புடவை யாருக்கும் சரியாக இருக்கும்.

கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டேன். ஏரிக்கரையில் சுகாதாரமில்லாமல் பண்ணை வைத்துச் சுற்றுவட்டாரத்துக்கே நோய் பரப்புகிறவளின் கொட்டகையை மூட வேண்டும் என்று எழுதினேன். மாமா தன் ஆபீசுக்கே மனு போவதில் வெட்கப்பட்டார். “அந்தப் பொண்ணு பாவம், விட்டுடேன்” என்றார். வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சில்லை. பேச்சிருந்தபோதும் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை.

கார்த்திகையில் அவள் கோழிகள் முட்டையிடத் தொடங்கியதும் அப்துல் பாய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம். அவள் வாசலில் வண்டி நின்றால் என் வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “நீங்க பெரிய பண்ணைங்க. நான் என்ன சொல்றது” என்றார். போய்விட்டார். வியாபாரிக்கு முதுகெலும்பு எதற்கு?

ஆபீசில் உன் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள். அனுப்பு.

அக்கா

•

கீழ்பென்னாத்தூர்
29-11-1998

எழிலுக்கு,

உயிரோடு இருக்கிறாயா? இருந்தால் ஒரு கார்டு போடு.

இங்கே தீபத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. ஊரே மாலை போட்டுக்கொண்டு விரதம் இருக்கிறது. முட்டை விலை தரையில் கிடக்கிறது. என் மிச்சக் கோழிகளில் மூன்றில் ஒன்றுதான் ஒழுங்காக இடுகிறது.

ஒரே ஒரு ஆறுதல். பாஞ்சாலையின் பிழைத்த கோழிகள் பருவத்துக்கு வந்துவிட்டன. கொண்டை சிவந்து, உடம்பு மினுமினுத்து, பார்க்க என் கோழிகளைவிட நன்றாக இருக்கின்றனவாம். முட்டையிடப் போய் உட்காருகிறதாம், கொக்கரிக்கிறதாம், எழுந்து போகிறதாம். கீழே பார்த்தால் ஒன்றுமில்லை. இருநூறு கோழிக்குத் தினமும் தீனி போட்டு ஒரு கை முட்டை எடுக்கிறாள். ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் ஏரிக்கரை வழியாக இரண்டு முறை நடந்து போய்ப் பார்த்தேன். அவள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

விசாரணை தையில் வருகிறது. படித்த தங்கை இருக்கிறாள், அவள் சொன்னால் சர்க்காரே கேட்கும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னை அசிங்கப்படுத்தாதே.

அக்கா

•

பரேலி
8-12-1998

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பெங்களூரிலிருந்து முடிவு ஐப்பசியிலேயே வந்துவிட்டது. மாதிரிகள் மாறியிருக்குமோ என்று முதலிலிருந்து மறுபடி செய்தேன். அப்புறம் இன்னொரு முறையும் செய்யச் சொன்னேன். மாறவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

நீ எளிதாகப் புரிந்துகொள்வாய். ஒரு கடிதத்தைப் பார்த்து இரண்டு பேர் தனித்தனியாக நகல் எடுக்கிறார்கள் என்று வை. மூலத்தில் இருக்கும் பிழைகள் இரண்டு நகலிலும் இருக்கும். அதற்குமேல் ஒவ்வொருவரும் தாங்களே செய்த புதுப் பிழை அவரவர் நகலில் மட்டும் இருக்கும். ஆனியில் நீ அனுப்பிய கடைசிக் கொட்டகை மாதிரிதான் மூலம். உன் மற்ற நான்கு கொட்டகைகளில் அந்தப் பிழைகள் எல்லாம் இருக்கின்றன, கூடவே ஒரு புதுப் பிழை. பாஞ்சாலை அக்காவின் குஞ்சுகளிலும் அவை எல்லாம் இருக்கின்றன, கூடவே வேறு இரண்டு. அவருடைய இரண்டும் உன்னிடம் எங்கேயும் இல்லை. உன்னுடைய ஒன்று அவரிடம் இல்லை.

அதாவது அவரிடமிருந்து உனக்கு வரவில்லை. உன் கடைசிக் கொட்டகையிலிருந்து உன் மற்றக் கொட்டகைகளுக்கும் போனது, அவருடைய கொட்டகைக்கும் போனது. காற்றோ காக்கையோ கொண்டுபோயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் உன் பக்கத்துக் கொட்டகைக்குப் போகும் முன்பே ஏரியைத் தாண்டி அவருடைய குஞ்சுகளுக்குப் போயிருக்கிறது. அப்படித் தாண்டவேண்டுமானால் யாராவது கையில் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அவருடைய கோழிகள் முட்டையிடாததற்கு அவருடைய கை காரணமில்லை. முதல் சில வாரங்களில் இந்த வைரஸ் தொற்றினால் குஞ்சின் முட்டைக் குழாய் வளராமல் நின்றுவிடும். கோழி நன்றாக வளரும், கொக்கரிக்கும், உட்காரும். ஆயுசுக்கும் முட்டை வராது. அவர் எவ்வளவு தீனி போட்டாலும் வராது. யாராவது அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். கடைசிக் கொட்டகைக் கோழிகள் எங்கே போயின?

எழில்

•

கீழ்பென்னாத்தூர்
27-12-1998

எழிலுக்கு,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அக்காவை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறவளுக்கு என்ன குறை?

ஆமாம், கொடுத்தேன். நாற்பது கோழி. எட்டு வருடம் உழைத்தவளை வெறுங்கையோடு அனுப்பாதே என்று உன் மாமா நச்சரித்தார். கறிக்கடைக்காரன் அந்தக் கோழிகளைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். புதைக்கக் குழி வெட்ட ஆள் தேட வேண்டும். அவளுக்கோ பண்ணை வேண்டும். எல்லோர் குறையும் ஒரே நாளில் தீர்ந்தது. இருமல் அதற்குள் நின்றுவிட்டது. ஒன்றுகூட இருமவில்லை. அவளே காதை வைத்துக் கேட்டாள்.

“சளி புடிச்ச கோழியாச்சேம்மா, குஞ்சோட விடலாமா?” என்று கேட்கத்தான் செய்தாள். எழில் மருந்து அனுப்பினாள், குணமாகிவிட்டது என்றேன். உன் பேரைக் கேட்டதும் மறுபேச்சு இல்லை. காலில் விழுந்தாள். கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று நடை நடந்தாள்.

இதில் நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? எச்சம் வாரப் பிறந்தவள் முதலாளி ஆனால் இப்படித்தான் ஆகும். என் கோழியால் இல்லாவிட்டால் வேறு எவன் கோழியாலோ அவள் குஞ்சுகள் செத்திருக்கும். உன் எழுத்துக்கூட்டும் காகிதத்தை எவனும் படிக்கப்போவதில்லை. நல்ல பிள்ளையாக, “முடிவு தெளிவாக இல்லை” என்று ஒரு வரி எழுதி அனுப்பு. விஞ்ஞானிகள் அப்படித்தானே எப்போதும் எழுதுகிறீர்கள்.

பொங்கலுக்கு வருகிறாயா என்று மாமா கேட்கிறார்.

அக்கா

•

பரேலி
9-1-1999

அக்காவுக்கு,

பொங்கலுக்கு வரவில்லை.

முடிவு தெளிவாக இருக்கிறது. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கால்நடைத் துறைக்கும் டாக்டருக்கும் அனுப்பியாயிற்று. நான் மருந்து எதுவும் அனுப்பவில்லை, அனுப்ப மருந்தே கிடையாது என்பதையும் சேர்த்து, பாஞ்சாலை அக்காவுக்குத் தமிழில் தனியாக எழுதிவிட்டேன். இனிக் குஞ்சு இறக்கும்முன் கொட்டகையை எப்படிக் கழுவி எத்தனை வாரம் சும்மா போட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

நீ என்னைப் படிக்க வைத்தாய். அதை நான் மறுக்கவில்லை, நீ மறக்கவும் விடமாட்டாய். அந்தப் படிப்பின் பேரைச் சொல்லித்தான் நீ அவரை ஏமாற்றியிருக்கிறாய். எத்தனையோ வருடமாக நான் இந்த வைரஸோடு இருக்கிறேன், ஒருநாளும் அதை வெறுத்ததில்லை. தான் என்ன செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது. உனக்குத் தெரியும். எழுதியிருந்தேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

எழில்

•

கீழ்பென்னாத்தூர்
14-2-1999

எழிலுக்கு,

நீ கேட்கவில்லை. நடந்ததை உனக்கு வேறு யாராவது மாற்றி எழுதிவிடக்கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன்.

விசாரணை போன வெள்ளிக்கிழமை வேங்கிக்காலில் நடந்தது. நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அதிகாரியின் அறைக்கு வெளியே பாஞ்சாலை சுவரோரம் நின்றிருந்தாள். உன் மாமா கையில் ஒரு நாற்காலியோடு வந்தார். எனக்குத்தான் என்று நினைத்தேன். அவளுக்குப் போட்டார். அப்புறம் போய் இன்னொன்று எடுத்துவந்து எனக்குப் போட்டார். இரண்டும் ஒரே மாதிரி இரும்பு நாற்காலி.

அதிகாரி உன் காகிதத்தை வாசித்தார். இங்கிலீஷில் இருந்ததை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். அந்தச் சின்ன டாக்டர் பக்கத்தில் நின்று புரியாத இடங்களை விளக்கினார். ஷூவைப் பார்க்கவில்லை. கடைசிக் கொட்டகை என்று வரும்போதெல்லாம் அதிகாரி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அப்துல் பாயும் வந்திருந்தார். நான் அழைக்கவில்லை. நான் அவரைத் தடுத்ததை, யாரும் கேட்காமலே எழுந்து சொன்னார். நான்கூட அவருக்கு முதுகெலும்பு இல்லை என்று உனக்கு எழுதியிருந்தேன்.

மனு தள்ளுபடி. என் பண்ணையிலிருந்து கோழியோ அட்டையோ வெளியே போவதானால் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது போகட்டும். இதற்கெல்லாம் வாய் அடைத்துப்போகிறவளா நான்?

எல்லாம் முடிந்த பிறகு அதிகாரி அவளைப் பார்த்து, “ஏம்மா, இவங்களாலதான் உனக்கு நஷ்டம்னு தெரிஞ்சுபோச்சு. நீ இவங்க மேல எழுதிக் குடுக்கறியா? நான் எடுத்துக்கறேன்” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அழுதால் ஒன்று, கத்தினால் ஒன்று, பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன் என்று நாடகம் போட்டால் ஒன்று. அவள் என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அவரிடம் சொன்னாள்:

“வேணாங்க சார். எழுதிக் குடுத்தா, இவங்களையும் ஒரு ஆளுன்னு நான் மதிச்ச மாதிரி ஆயிடும்.”

ஆத்திரத்தில் சொல்லியிருந்தால் நானும் பேசியிருப்பேன். யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பேனாவை மூடினார். உன் மாமா கதவோரம் நின்றிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

எட்டு வருடத்தில் அவளைப் பற்றி நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன், அவள் காதுபடவே. அவள் என்னைப் பற்றிச் சொன்னது இது ஒன்றுதான்.

முட்டையிடாத கோழிகளையெல்லாம் அவள் கறிக்கு விற்றுவிட்டாளாம். கொட்டகையைக் கழுவிச் சும்மா போட்டிருக்கிறாள். பங்குனியில் திரும்பவும் குஞ்சு இறக்குகிறாள். டாக்டர் வாரம் ஒரு முறை அங்கே போகிறார். கேட்காமலே எல்லாம் என் காதுக்கு வருகிறது.

மாமா சாயங்காலம்வரை ஆபீசில் இருக்க வேண்டும் என்றார். நான் தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து திண்டிவனம் வண்டியில் ஏறினேன். அவள் எனக்கு முன்னாலேயே ஏறி, பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி நிறைந்துவிட்டது. அவள் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். யாருக்கும் விடுவது போலத்தான் விட்டாள். பிறகு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

கண்டக்டர், “இடம் இருக்குதேம்மா, ஒக்காரக் கூடாதா?” என்று இரண்டு முறை கேட்டான். நான் கம்பியைப் பிடித்தபடி கீழ்பென்னாத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அவள் இறங்கும்போது வழி கேட்டாள். விட்டேன்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. மாமா சுகம். எனக்குக் கால்தான் வலிக்கிறது.

ரேணுகாம்பாள்